பாட்டுக்கு மட்டும் எரிந்த வால்வு

வால்வு சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். இன்று படக் கொட்டகையில் மாலை ஆட்டம் ஓட்டும்போது அந்த வாசனை வந்ததும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. பேச வழியில்லை, எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்தபின் இந்தியாவிலிருந்து கப்பல் இல்லை. கொட்டகைக்குப் புதுப் படமும் இல்லை, ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுக்கும் கண்ணாடி வால்வும் இல்லை. சண்டைக்கு முன் வாங்கி வைத்ததெல்லாம் தீர்ந்து, கடைசி வால்வு மெஷினில் எரிந்துகொண்டிருந்தது. சூலியா தெருவில் நான் கேட்காத கடை இல்லை. "வால்வா? ஊசியே இல்லண்ணே" என்றார் ஒருவர். கொட்டகை மூடினால் என் வேலைச் சீட்டு போய்விடும். சீட்டு இல்லாதவர்களைப் பிடித்துச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; போனவன் திரும்பியதில்லை. அன்று நான் செய்த பெரிய காரியம், தலையில் கை வைத்து உட்கார்ந்ததுதான்.

நீ பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாய்: "படம் பூரா அது எரியணுமாங்க?"

"எரியலன்னா ஊமைப் படம்லா."

"அரிசியை வெள்ளிக்கிழமைக்கு வைக்கிறேன், மத்த நாள் கிழங்கு. நீங்க வால்வைப் பாட்டுக்கு வைங்க. பேச்சை நாம பேசிக்கலாம். நமக்குத் தெரியாத வசனமா?"

புரொஜெக்டர் அறைச் சன்னலில் தகரக் குழாயை வாயில் வைத்து நான் கதாநாயகன். திரைக்குப் பின்னால் நின்று நீ கதாநாயகி. நடுவே, இருட்டில், ஊரே உட்கார்ந்திருந்தது. பாட்டுக்குச் சற்று முன்னால் வால்வைப் போட்டுச் சூடாக்குவேன். பாட்டு முடிந்ததும் அணைத்துவிடுவேன். முதல் நாள் முன் வரிசையிலிருந்து ஒருவன், "அண்ணே, ராஜாவுக்குச் சளியா?" என்றான். உன் குரலுக்கு யாரும் சிரிக்கவில்லை.

ராஜா போருக்குக் கிளம்பும் காட்சியில், "போகத்தான் வேண்டுமா, நாதா?" என்பாய். வீட்டில் நீ என்னைக் கூப்பிட்டதெல்லாம் "இங்க பாருங்க"தான். அத்தனை தலைகளையும் தாண்டி அந்த 'நாதா' என்னிடம் வந்து சேரும். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாய். படத்தில் அது கிடையாது, உன் சொந்தச் சரக்கு. அதற்குக் காத்திருந்துதான், "விரைவில் வந்துவிடுவேன், கண்ணே" என்பேன். வீட்டுக்கு நடக்கையில் இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது, வால்வு தேடிய கடைகளிலேயே கொய்னா மாத்திரை தேடினேன். அதே பதில். எப்படிப் பிரித்து வைத்துச் செலவழிக்கலாம் என்று உன்னைக் கேட்க, ஒரு மாத்திரையாவது கிடைத்திருக்க வேண்டுமே.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். "பொம்பளைக் குரல் இல்லாம எவன் வருவான்? வேற ஆளைப் பாரு, இல்லன்னா மூடுறேன்" என்றார் முதலாளி. யாரையும் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. படத்தை ஓட்டினேன். கதாநாயகி சத்தமில்லாமல் வாயை அசைத்தாள். பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் அவள் வசனத்தைச் சொன்னது. அதோடு இன்னொன்று. பாதிப் படத்துக்குள் அங்கிருந்த எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகை ஓடுகிறது. சீட்டு சட்டைப்பையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்பன் இருக்கிறான். ஆனால் கொட்டகைப் பெண்கள் 'நாதா' என்று முடித்ததும் எனக்கு உடனே பதில் வருவதில்லை. இன்றும் யாரோ, "ஆப்பரேட்டர் தூங்கிட்டாருலா" என்று கத்த, கொட்டகையே சிரித்தது. குழாயை வாயருகே பிடித்தபடி, உன் பெருமூச்சுக்கு உண்டான நேரம் நின்றேன்.

பிறகுதான், வந்துவிடுவேன் என்றேன்.