மகாராணியின் பற்கள்

கப்பலில் உலகம் சுற்றும் என் அண்ணன் மகளுக்கு, உன் வீட்டு உப்புநீர்ச் சமஸ்தானத்தின் தற்காலிகத் திவானாகிய சித்தப்பன் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உன் மீன்தொட்டியும். இதுவரை யாரும் நம்பாத, இனியும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வதாக வலது கையை உயர்த்தி வாக்களிக்கிறேன். (எழுத்து நின்றுவிட்டதால் கையை இறக்கிவிட்டேன்.)

போன மாதம் மீன்தொட்டிக் கடைக்காரரிடம் வாங்கிய பவளப்பாறைக் கல் ஒன்றைத் தொட்டியில் வைத்தேன். நீ சொன்னபடி புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் வைத்தேன். ஒரு தூசுகூட இல்லை. பத்தாம் நாள் காலை, தொட்டி விளக்கு எரிவதற்கு முன், நீ பத்து வருடம் வளர்த்த பெருஞ்சிப்பி, நம் மகாராணி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டோரம் அரிசி அரிசியாக வெள்ளைப் பற்கள்! மறுநாள் இரண்டு பல் கூடியிருந்தது.

இதைவிடப் பயங்கரம் கேள். நேராக முறைத்தால் பற்கள் இல்லை. வாயே இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் புகைந்துகொண்டிருக்கிறது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் மறுபடி வரிசையாக நிற்கின்றன. பார்வை படுவது தெரிந்து ஒளிந்துகொள்ளும் ஜந்து ஏழு கடலில் எங்காவது உண்டா?

கடைக்காரரை வரவழைத்தேன். டார்ச்சும் லென்சுமாக வந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். "நத்தை ஜாதிதான் சார். ஆனா பாசி மேயுறது இல்ல, சிப்பியோட சாறை உறிஞ்சுறது. தினம் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. ஓட்டுல ஜெல்லி மாதிரி முட்டை ஒட்டியிருக்கும், அதையும் சுரண்டணும். இல்லாட்டி மூணு வாரம் தாங்காது" என்றார். "கல்லுல இருந்தப்பவே உங்க கண்ணுல படலையா?" என்றும் கேட்டார். அவை மாயமாகும் வித்தையை விளக்கினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று முதல் தினமும் மகாராணிக்குப் பல் துலக்குகிறேன். லட்சத்துப் பதினாறு நத்தைகளை வீழ்த்தியாயிற்று. செத்தவை எழுந்து, குழாய் வழியாக இறங்கி, கீழ்வீட்டு அழைப்புமணியை அடித்தன. "உங்க விருந்தாளிங்க மாடி மாறி வந்துட்டாங்க" என்று அந்த அம்மாள் பக்கெட்டில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

முட்டை மட்டும் எனக்கு அகப்படவே இல்லை. முன்பெல்லாம் என் நிழல் பட்டாலே மகாராணி வாயை இறுக மூடிக்கொள்வாள். இப்போது பாதிதான் மூடுகிறாள்.

போனில் இதைச் சொன்னபோது, "சித்தப்பா, நீங்க சொல்றதைப் பத்தால வகுத்தாலும் மிச்சம் பொய்தான்" என்று சிரித்தாய். நியாயம்தான். ஆனாலும் அம்மாடி, எந்தத் துறைமுகத்தில் இந்தக் கடிதம் கைக்கு வருகிறதோ, அங்கேயே லீவு போட்டு இறங்கிவிடு. முட்டை பொறுக்க உன் கண் வேண்டும்.

கடலும் காற்றும் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கீழ்வீட்டு அம்மாளையும் லட்சத்துப் பதினாறையும் நீ இஷ்டம்போல வகுத்துக்கொள். வகுக்கக் கூடாத சின்ன விஷயம் ஒன்று உண்டு. நேராகப் பார்த்தால் மறைகிறது என்றேனே, அது நிஜம். இன்று காலை சுவரில் இருக்கும் உன் போட்டோவைப் பார்த்தேன். சட்டம் இருந்தது, தோள் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அதே புகை. தலையைத் திருப்பிய பிறகுதான் ஓரக்கண்ணில் நீ சிரித்தாய்.

சீக்கிரம் வா.

உன் சித்தப்பன்