சாயம் என்று நினைத்த புள்ளிகள்

அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. கட்டி இருந்தது சிறுநீரகத்தில். சிவப்புப் புள்ளிகள் வந்ததோ கணுக்காலில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

"கிட்னியில நிணநீர்ப் புற்றுநோய்ங்கம்மா. ரத்தத்தை உறைய வெக்கிற தட்டணு கொறஞ்சு, தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சதுதான் அந்தப் புள்ளி" என்றார் டாக்டர். ஏன் குறைந்தது என்று கேட்டேன். "சில பேருக்கு நோய் எலும்பு மஜ்ஜைக்குள்ள போயிருக்கும். சில பேருக்கு உடம்பே தட்டணுவை எதிரின்னு நெனச்சு அழிச்சுரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். உங்கள் உடம்பு உங்கள் மேலேயே ஏன் கோபப்பட வேண்டும்? அதற்குத்தான் நான் இருந்தேனே மாமா!

கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்கவே பயந்தார்கள், ரத்தம் நிற்காதாம். உங்கள் சாயப்பட்டறை ஆட்கள் நான்கு பேர் ஷிப்ட் முடிந்த கையோடு தட்டணு கொடுக்க வந்தார்கள், நகக்கண்ணில் நீலச் சாயத்தோடு. அப்புறம் சதை எடுத்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள். இரண்டாவது வாரமே போய்விட்டீர்கள்.

பதினைந்து வருஷமாகச் சிவப்பும் நீலமுமாக வீட்டுக்கு வருகிற மனிதர் காலில் புள்ளியைப் பார்த்தால் நான் வேறென்ன நினைப்பேன்? "ஏம் புள்ள, சாயம் போகவே மாட்டீங்குது" என்றீர்கள். "பீர்க்கங்காய் நாரைப் போட்டு நல்லாத் தேயுங்க" என்றேன். மூன்று வாரம் தேய்த்தீர்கள். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எழவுக்கு வந்தவர்களிடம் திடுதிப்பென்று வந்துவிட்டது என்றேன். உங்களைப் பெற்ற அத்தையிடமும் அதே பொய்தான். டாக்டரிடம் மட்டும் கேட்டேன், முன்னமே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. "உறுதியாச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நேற்று தாளமாட்டாமல் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வையட்டும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நானும் பார்த்தனே கண்ணு, அவன் கால் கழுவறப்ப" என்றார்கள். "சாயம்னுதான் நானும் உட்டுட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமக் கெடந்தேன்."

நாற்பது நாளாக ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் பயந்து கிடந்திருக்கிறோம். எனக்கு விளங்காதது விளங்காமலே போகட்டும். உங்கள் அம்மாவை இனி தனியாக அழவிட மாட்டேன் மாமா.

என்றும் உங்கள் மாமன் மகள்,
உங்கள் வீட்டுக்காரி,
கோமதி