எந்த மேஜையில் உட்கார்ந்தாலும்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு, வணக்கம்.

பெரிய பேத்தி நர்ஸ் வேலையில் சேர்ந்ததை இங்கே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பேரன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியதையும், கடைக்குட்டி தன் பெயரைத் தானே எழுதியதையும்கூட விடவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே ஒரு கூத்து. நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. இப்போது வெறும் திரைதான். எல்லாம் எங்கோ ஒரு பெரிய மெஷினிலிருந்து வருகிறதாம். பழைய பெட்டிகளை நானே பளிச்சென்று துடைத்து வண்டியில் ஏற்றினேன். மறுநாள் மூலை மேஜையில் திரையைப் போட்டால் நம் பேரப்பிள்ளைகள் படத்தைக் காணோம். என்னிடமிருந்த போட்டோ மழையில் பாழாவதற்கு முன்பே நூலக அம்மா அதை அங்கே ஏற்றித் தந்திருந்தார். தினமும் அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் துடைப்பத்தை எடுப்பேன்.

"படம் அந்தப் பெட்டிக்குள்ளதாம்மா இருந்துச்சு. நீங்களே வழியனுப்பி வச்சிட்டீங்களே" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"குளிப்பாட்டி வேற அனுப்பினேன் சார்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

பிறகு புது மெஷினில் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். இனி எந்த மேஜையில் உட்கார்ந்து என் பெயரை அடித்தாலும் நான் அதில் வைக்கும் படம் வருமாம். அஞ்சாங்கிளாஸ் படித்த நானே அடித்தேன். நாற்பது மேஜையிலும் பார்த்தேன், வைக்கத்தான் படம் இல்லையே, வெறும் நீலம்தான் வருகிறது.

வேலைக்கு மணியாகிவிட்டது. மூன்று பேரையும் நிற்க வைத்துப் புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். போன தடவை மாதிரி நீங்கள் எடுக்க வேண்டாம். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள்.