தவக்காலத்தில் ஒரு அல்லேலூயா

தவக்காலம், மூன்றாம் ஞாயிறு

இன்று நான் செய்த வேலையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பூசையில் நற்செய்திக்கு முன்னால் என் விரல்கள் பழக்கத்தில் கீபோர்டில் அல்லேலூயாவை வாசித்துவிட்டன. தவக்காலம் முடிந்து உயிர்த்த ஞாயிறு வரும்வரை அதைப் பாடக் கூடாது என்று பாடகர் குழுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கீபோர்டில் நான் எதை வாசித்தாலும் யோசிக்காமல் பாடணும் என்று சொல்லிவைத்திருப்பதும் நான்தானே. பாடினார்கள். வத்தேகம பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும்.

பூசை முடிந்ததும் ஃபாதர் வந்தார். பையன்களுக்குச் சத்தம் போதாது, உயிர்த்த ஞாயிறுக்குப் பெரியவர்களே பாடட்டும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பவர்.

"யாரு ஆரம்பிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையன்களில் பெரியவன் டிலான் கையைத் தூக்கினான். "நாங்கதான் ஃபாதர்." பார்த்தால் எல்லார் கையும் மேலே. முன்பல் விழுந்த சின்னவன் இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இதே சத்தத்த உயிர்த்த ஞாயிறுக்கு வச்சிருங்க. நீங்கதான் பாடுறீங்க."

பையன்கள் வெளியே ஓடிவிட்டார்கள். ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், அதுவரைக்கும் உங்க விரலையும் கொஞ்சம் ஒருசந்தி நோன்பு இருக்கச் சொல்லுங்க."

இதை எழுதும்போதுகூட இடது கை மேசையில் அந்த மெட்டைத்தான் தட்டுகிறது. புதன்கிழமை ஒத்திகைக்கு பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு போகணும், ஆளுக்கு ஒன்று. சின்னவனுக்கு இரண்டு.