சராசரி நூற்று முப்பத்தேழு

மார்ச் 3
காலை ஷிஃப்ட். பதினான்கு பெட்டித் திருகாணி சோதித்தேன். இரண்டைத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலம் இணையத்தில் எங்கள் புதிர்க் குழுவைத் திறந்தால், முகப்பில் புதிதாக ஒரு வரி: ‘நம் உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 137.’ கீழே ஒரே பாராட்டு. நானும் ஒரு கைதட்டல் போட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 4
ஓராண்டாக மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று புதிர்களைப் பார்க்கிறாள். பாதி விடை அவளுடையதுதான். நீயே சேரேன் என்றேன். “நூத்தி முப்பத்தேழு வாங்குனவங்க நடுவுல எனக்கென்ன வேலை?” என்று அடுப்பை அணைக்கப் போய்விட்டாள்.

மார்ச் 6
அந்த எண் எப்படி வந்தது என்று குழு நிர்வாகியிடம் கேட்டேன். இரண்டாயிரம் பேரில் அறுபத்தொரு பேர் தாங்களே சொன்ன மதிப்பெண்ணாம். பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்த்தால் எந்தப் பெட்டிதான் தேறாது? சீட்டுப் போட்டு நாற்பது பேரை எடுப்போம், எல்லாருக்கும் ஒரே தேர்வு வைப்போம் என்றேன். தாராளமாகச் செய்யுங்கள், எண் ஏறத்தான் போகிறது என்றார். குழுவில் இருக்கும் உளவியலாளர் ஒருவர் கேள்வித்தாள் தந்து, திருத்தியும் தர ஒப்புக்கொண்டார்.

மார்ச் 8
சீட்டில் என் பெயரும் விழுந்திருக்கிறது. வேண்டாத வேலை.

மார்ச் 19
முப்பத்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஏழு பேர் மாட்டேன் என்கிறார்கள். அதில் லாரிக்காரரும் ஒருவர் — போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எங்களில் யாருக்கும் பிடிபடாத புதிர்களை அவிழ்ப்பவர். போன் செய்து கெஞ்சினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏழு வயசுல இப்படித்தான் ஒரு தாளைக் குடுத்தாங்க சார். மந்தம்னு எழுதி வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டாங்க. இனிமே என்னை யாரும் அளக்க வேணாம்.”
மன்னிப்புக் கேட்டேன். மற்ற ஆறு பேரைக் கூப்பிடவில்லை.

மார்ச் 22
முடிவு வந்தது. சராசரி 112. என்னுடையது 101.
நூற்று ஒன்று. ஆறு வருஷமா அங்க எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தவன் நான். தேர்வுக்கு முந்தின ராத்திரி சரியாத் தூங்கல — இல்ல, நல்லாத்தான் தூங்கினேன். என் தாளை மட்டும் எடுத்துட்டா என்ன? சராசரி அசையக்கூட அசையாது. யாருக்குத் தெரியப்போகுது?
மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். “சீட்டுல விழுந்துச்சுல்ல? அப்ப அதுவும் இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 23
எல்லாவற்றையும் குழுவில் போட்டேன். 112, ஐந்து கூடலாம், குறையலாம். எழுதாத ஏழு பேரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. என் 101-ஐயும் சொன்னேன்.

மார்ச் 24
நிர்வாகி போனில் வந்தார். “நம்ம மானத்தை நீங்களே வாங்கிட்டீங்களே.” லாரிக்காரர் கதையை, ஆள் யாரென்று சொல்லாமல், சொன்னேன். முழுவதையும் கேட்டார். “என்னோட நூத்தி நாப்பத்தொண்ணுகூட ஏதோ விளம்பரத்துல வந்த பத்து நிமிஷத் தேர்வுதான்” என்றார்.

மார்ச் 27
பதினெட்டுப் பேர் விலகிவிட்டார்கள். போகட்டும்.

ஏப்ரல் 2
முகப்பில் அந்த வரி இல்லை. 112-உம் இல்லை.

ஏப்ரல் 11
இரண்டாவது ஷிஃப்ட். மழையில் நனைந்துகொண்டே போனேன். இடைவேளையில் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார்: ‘எனக்குப் பெருசா எதுவும் தெரியாது. இங்க கேள்வி கேக்கலாமா?’
பதில் எழுதப் போனேன். நிர்வாகி முந்திக்கொண்டிருந்தார்.
‘கேளுங்க.’