சனிக்கிழமை எடை

ஆனைமலை
12.8.1996

அன்புள்ள மானசாவுக்கு, நைனா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கு குறையில்லை, டெல்லி மழையில் நீயும் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

பண்ணையில் வெண்பன்றிகள் இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. தீவன மூட்டையை நானே பிரித்துக் கொடுக்கிறேன், பிறகு அது எங்கே போகிறது? வேலைக்கு இருக்கும் மாசாணத்தை அனுப்பியது உன் பெரியப்பா லட்சுமணசாமி. பாகம் பிரித்தபோது கிணற்றடி நிலத்தைத் தன் பக்கம் எழுதிக்கொண்டவர் எனக்கு ஆள் அனுப்புகிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. அதனால் சனிக்கிழமை மட்டும் போட்ட எடையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன், மேல்தாடையில் சுருக்குக் கயிறு மாட்டித் தராசுக் கூண்டுக்கு நானே இழுத்தேன், எண்ணிப் பார்க்கத் தோதாக நான்கு கொட்டடியில் இருந்தவற்றை இரண்டில் அடைத்தேன். எடை இன்னும் இறங்கியது, ஒன்றின் வாலை ஒன்று கடித்தன, சினையாக இருந்த ஒன்றுக்குக் கரு கலைந்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்து, "ஏனுங்க, திருட்டெல்லாம் இல்லீங்க, பயந்து கெடக்கற ஜீவனுக்குத் தின்னது ஒடம்புல ஒட்டாதுங்க" என்றார். அவர் பெரியப்பா வீட்டில் காப்பி குடிப்பவர் என்பது எனக்குத் தெரியும்.

மாசாணத்தைக் கையும் களவுமாகப் பிடித்து அன்றே விரட்டிவிடுவது என்று, வியாழக்கிழமை உக்கடம் போவதாகச் சொல்லி பஸ் நிறுத்தம் வரை நடந்து, திரும்பி வந்து தீவன அறைச் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவன் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிட்டுக் கொட்டடிக்குள்ளேயே உட்கார்ந்து, "தின்னு சாமி, பயப்படாத, அவரு ஊருக்குப் போயிட்டாரு" என்றான். அவை அவன் முழங்காலை உரசிக்கொண்டு தின்றன. தவிட்டுத் தூசியில் எனக்கு இருமல் வந்தது. ஒரே இருமல்தான், நாற்பது பன்றியும் தீனியை விட்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மாசாணமும் எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

இன்னும் அவனை முழுதாக நம்பவில்லை. ஆனாலும் கயிற்றை அவனிடம் கொடுத்துவிட்டேன், எடை இனி சனிக்கிழமை மட்டும்தான், கொட்டடியையும் மறுபடி நான்காக்கச் சொன்னேன். தீனி நேரத்தில் நான் பண்ணைப் பக்கம் போவதில்லை. இதைச் சொன்னபோது உன் அம்மா அவரைக்காய் உரிப்பதை நிறுத்தாமல், "மானசாவும் அப்படித்தானுங்க, உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டா தட்டோட உள்ள போயிருவா" என்றாள். நான் அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். இது நீங்கள் இருவரும் முன்பே பேசிவைத்த பேச்சா என்றும் தெரியவில்லை.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு வரும் தேதியை மறக்காமல் எழுது. நீ கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடு, நான் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

உன் நைனா,
பாலகோபால்