தொழிலாளர் சதுக்கத்துக்குப் புதுப் பெயர்

தலைநகர்,
செப்டம்பர் 3

அன்புள்ள குல்சிம் அக்காவுக்கு,

நலம்தானே? முட்டிவலி குறைந்ததா? தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அதிபர் விடைபெற்றுப் பேசியதைப் பார்த்திருப்பாய். முப்பது வருஷ ஆட்சி! எங்கள் அலுவலகத்தில் அழாதவர் இல்லை. சோவியத் உடைந்தபோது ரொட்டிக்கு அலைந்தவர்கள் நாம். இன்றைக்கு எப்படி இருக்கிறோம், நினைத்துப் பார்.

ஊர்தோறும் ஒரு முக்கியமான இடத்துக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். பொறுப்பு என் குழுவுக்கு. உங்கள் ஊரில் தொழிலாளர் சதுக்கம். பழைய கசப்பு தீர, அங்கே கணவனை இழந்த ஒருத்தி பலகையைத் திறந்துவைக்கட்டும் என்றார் மேலதிகாரி. உன் பெயரைச் சொன்னேன். 'நன்றி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் தம்பி,
அஸ்கத்


சாரிகும்,
செப்டம்பர் 11

தம்பி அஸ்கத்துக்கு,

என் முட்டி கிடக்கட்டும். எந்த வாயால் என் பெயரைச் சொன்னாய்?

அந்த இடத்தில்தான் உன் மச்சான் தொலெகன் போலீஸ் சுட்டுக் குண்டடி பட்டுக் கிடந்தார். பிடித்துக்கொண்டு போன சங்கத் தலைவரை விடச் சொல்லித்தானே எண்ணெய் வயல் ஆட்கள் நின்றார்கள்? யார் கையிலும் ஒரு கல்கூட இல்லை. அன்றைக்குத் தொலைக்காட்சியில் உங்கள் அதிபர் அவர்களைப் போக்கிரிகள் என்றார். நீ அடக்கத்துக்குக்கூட வரவில்லை. "இப்ப வந்தா என் வேலை போயிடும்க்கா" என்றாய்.

பக்கத்து வீட்டு பிபினூர் அதிபர் விடைபெற்ற பேச்சைக் கேட்டு அழுதாள். "உனக்கென்னடி கேடு? அந்த ஆளுக்கா அழற?" என்றேன். "வேற யாரையும் பார்த்ததே இல்லியே. இனிமே என்னாகுமோன்னு பயமா இருக்கு" என்றாள். அவர் நமக்கு விட்டுப்போகிற சொத்து இந்தப் பயம்தான். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

வரமாட்டேன்.

குல்சிம்


தலைநகர்,
செப்டம்பர் 20

அக்கா,

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அதில் உன் பெயர் இருக்கிறது. நீ வராவிட்டால் என் தலைதான் உருளும்.

அவர் இல்லாவிட்டால் பக்கத்து நாடுகளைப் போல நாமும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்திருப்போம். உன் மகள் ஐனாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் எப்படிக் கிடைத்தது? சொல்லிக்காட்டவில்லை. ஆனால் ஒரு மனிதருடைய முப்பது வருஷத்தை ஒரே ஒரு நாளை வைத்தா எடைபோடுவாய்?

அஸ்கத்


சாரிகும்,
அக்டோபர் 2

அஸ்கத்,

விழாவுக்குப் போனேன். உனக்காக இல்லை. உன் கடிதத்தை ஐனாவிடம் காட்டினேன். "போம்மா. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு. சீட்டு போனா போகட்டும்" என்றாள்.

ஆளுநர் திரையின் கயிற்றை என் கையில் கொடுத்து, "நன்றி சொல்லுங்கம்மா" என்றார். ஒலிவாங்கியில், "இங்க சுட்டுப்போட்ட என் புருஷன் பேரு தொலெகன்" என்றேன். அவரோடு விழுந்தவர்களின் பெயர்களையும் சொல்லத் தொடங்கினேன். ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். "இவளை இழுத்துட்டுப் போங்கடா" என்று ஆளுநர் பல்லைக் கடித்தார்.

கூட்டத்திலிருந்து பிபினூர் கத்தினாள்: "குல்சிம், இங்க கேக்கல! சத்தமா சொல்லு!" அழுதாளே, அதே பிபினூர். அதன்பின் மற்றப் பெண்களும் எழுந்து தங்கள் ஆட்களின் பெயர்களைச் சொன்னார்கள். என்னைக் காவல் நிலையத்தில் உட்காரவைத்துவிட்டு அனுப்பினார்கள். பலகையை ஒரு போலீஸ்காரன் திறந்துவைத்தானாம்.

ஒரே ஒரு நாள் என்றாயே. எனக்கு அந்த நாள் இன்னும் முடியவில்லை.

குல்சிம்


தலைநகர்,
அக்டோபர் 15

மதிப்பிற்குரிய குல்சிம் அவர்களுக்கு,

என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தங்களுக்கும் எனக்கும் நெடுங்காலமாக எந்த உறவும் இல்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். செய்தித்தாளிலும் வரும். ஐனாவின் படிப்புக்குக் குந்தகம் வராது. இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

அஸ்கத்,
செயலாளர், பெயர்சூட்டுக் குழு


சாரிகும்,
நவம்பர் 1

அஸ்கத்,

செய்தித்தாள் பார்த்தேன். அந்த ஆள் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டார். நீ இன்னும் யாருக்கடா நடுங்குகிறாய்?

நேற்று அம்மாவின் நினைவு நாள். குதிரைக்கறி வேகவைத்து ஊரைக் கூப்பிட்டேன். வழக்கமாக நீ வராவிட்டாலும் உன் பங்கை எடுத்துவைப்பேன். நேற்று பிபினூர், "தம்பிக்கு எடுத்து வைக்கலியா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஏதுடி தம்பி?" என்று சொல்லிவிட்டு, தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

குல்சிம்